பெயர் மறைத்த வைஃபை: கடைப் போன் காலையில் தானாகப் பிடிப்பதில்லை

கேள்வி: சிப்புட்_மளிகைக்கடை

வணக்கம். சுங்கை சிப்புட்டில் அப்பா காலத்து மளிகைக்கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய கடைவரிசை, தடித்த செங்கல் சுவர், மேலே தகரம். கல்லாப் பக்கம் நின்றால் போனுக்கு லைன் கிடைக்காது. அஞ்சடிக்கு, அதாவது கடை முன் நடைபாதைக்கு, இறங்கினால்தான் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். அதனால் கடைக்குள் எல்லாமே வைஃபையை நம்பித்தான் ஓடுகிறது.

கமுனிங், எல்பில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் காசாகக் கொடுப்பது குறைந்துவிட்டது. போனில் பணம் கட்டும் டுயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். சம்பளம் ஏழாம் தேதிக்குள் போட்டாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், அதை ஒட்டிய நாட்களில் அரிசி, எண்ணெய், பால்மாவு என்று வரிசை நிற்கும். கடைப் போனில் பணம் வந்த சத்தம் கேட்டால்தான் அடுத்த ஆளைப் பார்க்க முடியும். வைஃபை இல்லையென்றால் சத்தமும் இல்லை. செம்பனைக் குலை வெட்டிவிட்டு நேரே வந்து நிற்கும் மனிதரை, "கொஞ்சம் இருங்க, பணம் வந்துச்சான்னு பார்த்துட்டு வரேன்" என்று நிறுத்திவிட்டு அஞ்சடிக்கு ஓட எனக்கு மனசே வரவில்லை. அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுகிறது.

விஷயம் இதுதான். முன்பு எங்கள் பாஸ்வேர்டு ஊர் முழுக்கப் போய்விட்டது. ரூட்டர் மாட்டிக் கொடுத்தவர் வைஃபையின் பெயரை வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டார். பழைய போனில் அந்தப் பெயரைக் கையால் அடித்துச் சேர்த்தோம், அது ஒழுங்காக வேலை செய்தது. அது பழுதாகி, இப்போது புது ஆண்ட்ராய்டு போன். இரவில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டுக் காலையில் கடைக்கு வந்தால் பிடிப்பதே இல்லை. சேமித்த நெட்வொர்க் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் எல்லைக்குள் இல்லை என்று காட்டுகிறது. ரூட்டர் என் தலைக்கு மேலேதான் இருக்கிறது! சாயங்காலம் தங்கை மகன் வந்து பெயரை வெளியே தெரிய விட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. அவன் திரும்ப மறைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலை அதே கதை. தங்கையின் ஐபோனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

போனை மாற்ற வேண்டுமா, ரூட்டரை மாற்ற வேண்டுமா? இரண்டுக்கும் உடனே வெள்ளி செலவழிக்க வசதியில்லை.

பதில்: கூலிம்_கேபிள்காரன்

அக்கா, எதையும் மாற்ற வேண்டாம். பெயரைத் தெரிய விட்டால் உடனே பிடிக்கிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

ரூட்டர் சும்மா இருப்பதில்லை. நொடிக்குச் சுமார் பத்து முறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சிறு அறிவிப்பை விட்டுக்கொண்டே இருக்கும். பீக்கன் என்று சொல்வார்கள். பெயரை மறைத்தாலும் அந்த அறிவிப்பு நிற்பதில்லை, அதில் பெயர் இருக்கும் இடம் மட்டும் காலியாகப் போகிறது. போன் காற்றில் வரும் பெயர்களைத் தன்னிடம் சேமித்த பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உங்கள் கடையிலிருந்து பெயரே வராததால், ரூட்டர் தலைக்கு மேலே இருந்தாலும் எல்லைக்குள் இல்லை என்றுதான் காட்டும்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஆள் வரிசையில்தான் நிற்கிறார், ஆனால் கணக்குப்பிள்ளையான கிராணி பெயரைக் கூப்பிட்டால்தான் குரல் கொடுப்பார். மறைத்த வைஃபையும் அப்படித்தான். போன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆனால் எல்லாப் பெயரையும் எந்நேரமும் கூப்பிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் "இது மறைத்த நெட்வொர்க்" என்ற குறிப்போடு சேமித்தவற்றை மட்டும்தான் கூப்பிடும். பழைய போனில் நீங்கள் கையால் சேர்த்ததால் அந்தக் குறிப்பு விழுந்திருக்கும். புதுப் போனோ பெயர் வெளியே தெரிந்த நேரத்தில் பட்டியலைத் தொட்டுச் சேர்ந்தது. அதனிடம் அந்தக் குறிப்பு இல்லை.

போனில் சேமித்த அந்த வைஃபையை முதலில் ஃபர்கெட் கொடுத்து அழித்துவிடுங்கள். அப்புறம் வைஃபை பட்டியலின் அடியில் ஆட் நெட்வொர்க். பெயரைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி மாறாமல் அடிக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பெயர்தான். பாதுகாப்பு வகையில் ரூட்டரில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். சேவ் செய்வதற்கு முன் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்தால் ஹிட்டன் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கும். சில போன்களில் அது வியூ மோர் என்பதற்குள் இருக்கும். பெரும்பாலும் 'நோ' என்றே கிடக்கும், அதை 'யெஸ்' ஆக்குங்கள். அதற்குக் கீழே ஓர் எச்சரிக்கையும் வரும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அது முக்கியம்.

பதில்: சிப்புட்_மளிகைக்கடை

தம்பி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன இடத்தில் 'நோ' என்றுதான் இருந்தது. மாற்றினேன். காலையில் கடைக் கதவைத் திறந்து விளக்குப் போடுவதற்குள் பிடித்துவிட்டது. ஆனால் சில நாள் மட்டும் இன்னும் தாமதமாகிறது, மதியம் வரை பிடிக்காத நாளும் உண்டு. எச்சரிக்கையையும் பார்த்தேன், போன் அடிக்கடி சிக்னலை வெளியே விடும் என்று இருந்தது. அது என்ன?

பதில்: பத்துகாஜா_கணினி_ஆசிரியை

தங்கச்சி, சில நாள் மட்டும் தகராறு என்றால் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அலைவரிசையில் 52-இலிருந்து 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. அங்கே போன் தானாக முந்திக்கொண்டு குரல் கொடுக்கக் கூடாது, முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ரூட்டர் பெயரைச் சொல்லாது, போனும் முந்திக் கூப்பிடாது. அப்புறம் எப்படிச் சேரும்? ரூட்டர் அந்தச் சேனலுக்குப் போகும் நாளில் சிக்கல், வேறு சேனலில் இருக்கும் நாளில் நிம்மதி.

சேனலை 36-இலிருந்து 48-க்குள் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கடைப் போனை இன்னோர் அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விடலாம். பணம் வந்த தகவலுக்கு வேகம் தேவையில்லை, செங்கல் சுவரைத் தாண்டுவதிலும் 2.4 தேவலை. அங்கே 1, 6, 11 மூன்றில் பக்கத்துக் கடைகள் குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: கூலிம்_கேபிள்காரன்

டீச்சர் சொன்னது சரி. இப்போது அந்த எச்சரிக்கை.

அக்கா, குறிப்பு விழுந்ததும் உங்கள் போன் கடையில் மட்டும் அந்தப் பெயரைக் கூப்பிடுவதில்லை. ஈப்போ பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் கோவில் திருவிழாவிலும், வைஃபை திறந்திருக்கும் வரை, கடையின் வைஃபைப் பெயரை அடிக்கடி கேட்டுக்கொண்டே போகும். பக்கத்தில் அதைப் பிடிக்கத் தெரிந்தவர் இருந்தால் வாசித்துவிடலாம். கடையில் ஒரு போன் சேரும்போதும் அந்தப் பெயர் காற்றில் அப்படியே போகிறது, ரகசியக் குறியீடெல்லாம் கிடையாது. ஆக, மறைத்ததால் திருடனுக்குத் தடை இல்லை. சிரமப்பட்டது நீங்கள்தான். ஆப்பிள் நிறுவனமும் ரூட்டருக்கான தன் பரிந்துரையில் பெயரை மறைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: பெயரைத் திறந்துவிடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்களுக்கு நடந்தது பாஸ்வேர்டு வெளியே போனது. அதற்கு மருந்து புதுப் பாஸ்வேர்டுதான். 8 எழுத்திலிருந்து 63 வரை வைக்கலாம், நீளமாகவே வையுங்கள். பாதுகாப்பு வகையில், ரூட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். கேட்கிறவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்று திறந்து கொடுங்கள், அதன் பாஸ்வேர்டு ஊர் முழுக்கப் போனாலும் கடையின் வைஃபைக்கு ஒன்றும் ஆகாது. திறந்த பிறகு போனில் பழையதை ஃபர்கெட் செய்துவிட்டுப் பட்டியலிலிருந்து புதிதாகச் சேருங்கள். அப்போதுதான் அந்தக் கூப்பிடும் பழக்கம் நிற்கும்.

பதில்: சிப்புட்_மளிகைக்கடை

தங்கை மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் செய்துவிட்டேன். பெயர் வெளியே தெரிகிறது, பாஸ்வேர்டு புதுசு, சேனல் 40. கடைப் போனிலும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாயிற்று. போனைப் பையிலிருந்து எடுப்பதற்குள் பிடித்திருக்கிறது.

கெஸ்ட் யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்பு எங்கள் வைஃபையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். வீட்டுப்பாடத்துக்கு வீடியோ பார்க்க அஞ்சடிப் படியில் உட்காருவார்கள். அவர்களை விரட்டியது போலாகிவிட்டதே என்று இத்தனை நாள் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. கெஸ்டை மாலை நேரத்துக்குத் திறந்து வைத்து, பாஸ்வேர்டை அட்டையில் எழுதித் தூணில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அரிசி மூட்டைப் பக்கத்துக் கேமராவில் இன்னும் பழைய பாஸ்வேர்டுதான் இருக்கிறது, புதிதாகச் சேர்க்கப் பார்த்தால் வைஃபையைக் காணவில்லை என்கிறது. அதற்கும் டீச்சர் சொன்ன சேனல்தான் காரணமா?

பதில்: பத்துகாஜா_கணினி_ஆசிரியை

இல்லை தங்கச்சி. அந்த மாதிரிக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பிடிக்கும். தங்கை மகன் அதை அணைத்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். திறந்திருந்தும் வரவில்லையென்றால், பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். அதை 2, 3 இரண்டும் கலந்ததாக மாற்றிவிட்டுக் கேமராவை ரீசெட் செய்து சேருங்கள்.