ஜூனோவில் ஒன்பது மணி நேர நிறுத்தம்: மெண்டன்ஹால் பனியாற்றின் மேற்குப் பாதையில் ஏறித் திரும்ப முடியுமா?

கேள்வி

வணக்கம். சியாட்டிலிலிருந்து புறப்படும் ஏழு நாள் அலாஸ்கா கப்பல் பயணத்திற்கு, வரும் ஜூலை மாத இறுதியில் இரண்டு குடும்பங்களாகப் பதிவு செய்திருக்கிறோம். கப்பல் ஜூனோவில் முற்பகல் 11 மணிக்குக் கரையணைந்து இரவு 8 மணிக்குப் புறப்படுகிறது, மறுநாள் அடுத்த துறைமுகமான ஸ்காக்வே. குழந்தைகளும் பெரியவர்களும் துறைக்கு அருகிலேயே இருக்கும் ராபர்ட்ஸ் மலைக் கம்பிவட ஊர்தியில் ஏறப் போகிறார்கள். நானும் என் மைத்துனரும் மட்டும் மெண்டன்ஹால் பனியாற்றின் மேற்குப் பக்கத்தில் ஏறும் 'வெஸ்ட் கிளேசியர் டிரெயில்' பாதையில் நடந்து, முடிந்தால் பனியின் மீது கால் வைத்துவிட்டுத் திரும்ப விரும்புகிறோம்.

எங்கள் இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ரெய்னியர் மலையின் அடிவாரப் பாதைகளில் ஒரே நாளில் 15 கிலோமீட்டர் வரை நடந்த அனுபவம் உண்டு. ஆனால் பனியாற்றின் மீது நடந்ததே இல்லை. துறையிலிருந்து பார்வையாளர் மையத்திற்குச் செல்லும் பேருந்தில் போய் அங்கிருந்து நடையைத் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்பு ஒன்றில், பாதையின் முடிவிலிருந்து நேராகப் பனியில் இறங்கிவிடலாம் என்றும், காலணியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் போதும் என்றும் படித்தேன். நேரம் போதுமா, இந்தத் திட்டத்தில் எங்கே பிழை இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்ல வேண்டும்.

மறுமொழி 1

இந்தப் பாதையில் நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன். ஒரு முறை உங்களைப் போலவே கப்பலிலிருந்து இறங்கி, இன்னொரு முறை ஜூனோவில் தங்கி. நேரம் போதும், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் போதாது.

முதல் பிழை, தொடங்கும் இடம். பார்வையாளர் மையம் மெண்டன்ஹால் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பாதையோ ஏரிக்கு அக்கரையில், ஸ்கேட்டர்ஸ் கேபின் எனப்படும் பழைய கட்டடத்தைத் தாண்டிச் செல்லும் சாலையின் முடிவில் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையில் ஏரியும் அதிலிருந்து வெளியேறும் மெண்டன்ஹால் ஆறும் இருப்பதால், பார்வையாளர் மையத்தில் இறங்கியவர் எதிர்க்கரையைக் கண்ணால் பார்க்கலாமே தவிர, அங்கே செல்ல வந்த சாலையிலேயே திரும்பிப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். துறையில் வரிசையாக நிற்கும் பேருந்துகள் எல்லாம் கிழக்குப் பக்கத்திற்கே செல்கின்றன. நகரப் பேருந்தும் பிரதான சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து பாதையின் தொடக்கத்திற்கு நடக்கும் நேரத்தை மலைக்குச் செலவிடுவதே நல்லது. ஆகவே துறையில் இறங்கியவுடன் வாடகைக் கார் எடுத்து, பாதை தொடங்கும் இடத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். திரும்பும் காரையும் அப்போதே அதே ஓட்டுநரிடம் நேரம் குறித்துப் பேசி முடித்துவிட வேண்டும். மாலையில் களைத்து இறங்கி வந்த பிறகு கைப்பேசியில் கார் தேடிக் கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். முதல் முறை நான் அப்படித்தான் விட்டேன்; கார் நிறுத்துமிடத்தில் நாற்பது நிமிடம் நின்று, கடைசியில் உள்ளூர்த் தம்பதி ஒருவரின் காரில் நகருக்குத் திரும்பினேன்.

இரண்டாவது, பனியைத் தொடும் ஆசை. நீங்கள் படித்த குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம், ஆனால் பனியாறு அன்று இருந்த இடத்தில் இன்று இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பள்ளத்தாக்கின் கீழ்வரை நிறைந்திருந்த இந்தப் பனி அன்றிலிருந்து பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது; இன்று நாம் பார்க்கும் ஏரியே இருபதாம் நூற்றாண்டில் பனி விலகிய பள்ளத்தில் உருவானதுதான். 1962இல் பார்வையாளர் மையத்தைத் திறந்தபோது பனிமுகம் அதற்கு இன்றைவிட வெகு அருகில் இருந்தது. நடக்கும்போதே இதை உணர்வீர்கள்: தொடக்கத்தில் முதிர்ந்த காடு, போகப்போக இளைய மரங்கள், பிறகு புதர், கடைசியில் பனி அரைத்து வழுவழுப்பாக்கிய வெறும் பாறை. அதிகாரப்பூர்வமான பாதை அந்தப் பாறைகளின் மேல், பனியாற்றை மேலிருந்து பார்க்கும் ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே பனியை நோக்கி இறங்கும் தடங்கள் எல்லாம் நடப்பவர்கள் தாங்களாகவே போட்டவை. பராமரிப்பு கிடையாது, ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகின்றன, பனி விலக விலக நீளவும் செய்கின்றன.

பனியின் ஓரம்தான் மிகவும் ஆபத்தானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோடையில் மேற்பரப்பில் தூவிப்பனி உருகிவிடுவதால் நடுப்பகுதியில் உள்ள பிளவுகள் கண்ணுக்குத் தெரியும். ஓரத்திலோ உருகுநீர் அடியில் குடைந்துகொண்டே ஓடுவதால், திடமாகத் தோன்றும் பனி வெறும் கூரையாக நிற்கும். ஒருகாலத்தில் இங்கே பெரும் புகழ்பெற்றிருந்த நீலநிறப் பனிக்குகைகள் இப்படி உருவானவையே. இப்படியே இடிந்தும் விழுந்தன. மைக்ரோஸ்பைக் உறைந்த நடைபாதைக்கு உரியது. சரிவான பனியாற்றுப் பனிக்குக் காலணியில் மாட்டும் நீண்ட பற்களுள்ள கிராம்பானும், தலைக்கவசமும், அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் வழிகாட்டியும் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போவதென்றால் பாறை முகட்டிலேயே நின்றுவிடுங்கள். அங்கிருந்து தெரியும் காட்சிக்காகவே நான் இரண்டாம் முறை சென்றேன்.

இனி கணக்கு. போக வர ஏறக்குறைய 11 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 400 மீட்டர். எண்களைப் பார்த்தால் ரெய்னியரில் நடந்தவருக்கு எளிதாகத் தோன்றும். முதல் பகுதி அப்படியே இருக்கும். ஏரியை ஒட்டிய சமதளக் காட்டுப் பாதையில் விரைவாகவே நடப்பீர்கள். பிறகு வளைந்து வளைந்து ஏற்றம் தொடங்கும். ஏரி விரிந்து தெரியும் இடத்தைத் தாண்டியதும் பாதையின் குணமே மாறிவிடும்: வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள், ஓடை நீர் வழியும் பாறைகள், பாதையைக் காட்ட அடுக்கி வைத்த கற்குவியல்கள். மழை பெய்திருந்தால் இறங்குவதற்கு ஏறியதை விடவும் அதிக நேரம் பிடிக்கும். ஆகவே ஐந்து மணி நேரத்திற்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்.

கப்பல் 8 மணிக்குப் புறப்படும் என்றால் பெரும்பாலும் 7:30க்கே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். 11 மணிக்குக் கரையணைந்தாலும் படி இறங்க 11:30 ஆகும். பாதை தொடங்கும் இடத்திற்கு 12:15. மாலை 5:30க்குக் கார் வரச் சொல்லுங்கள். அப்படியானால் எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாலும், முகடு கண்ணெதிரே தெரிந்தாலும், பிற்பகல் 2:45க்குத் திரும்பிவிட வேண்டும். இந்த நேரத்தை இருவரும் புறப்படுமுன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு பேசினால் இன்னும் பத்து நிமிடம் என்றுதான் முடியும்.

மறுமொழி 2

மேலே எழுதியவரின் கணக்கில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் உங்கள் உண்மையான விருப்பம் பனியின் மீது நடப்பதென்றால் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது சரியா என்று ஒருமுறை யோசியுங்கள். ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேற்பகுதியில் இறக்கிவிட்டு, கிராம்பானும் தலைக்கவசமும் கொடுத்து, வழிகாட்டியுடன் இரண்டு மூன்று மணி நேரம் நடக்க வைக்கும் பயணங்கள் ஜூனோவில் உண்டு. விலை மிக அதிகம். எங்கள் நால்வருக்கும் ஆன செலவை இங்கே எழுத மனம் வரவில்லை. அதைக் கப்பல் மூலமாகவே பதிவு செய்தால், திரும்புவதற்குத் தாமதமானாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். தனியாகச் சென்றவர்களுக்குக் காத்திருக்காது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜூனோ மழைக்காட்டுப் பகுதி. மேகம் தாழ்ந்தால் ஹெலிகாப்டர் பறக்காது. எங்களுக்கு முதல் முறை அன்று காலையிலேயே ரத்தாகிவிட்டது, பணம் திரும்பியது, நாங்கள் பார்வையாளர் மையத்தின் பக்கத்திலுள்ள நக்கெட் அருவி வரை நடந்துவிட்டுத் திரும்பினோம். ஆகவே நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றதை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி 3

ஜூலை இறுதி என்பதால் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மெண்டன்ஹாலின் பக்கவாட்டில் 'சூசைட் பேசின்' என்றொரு பள்ளம் இருக்கிறது. அதில் இருந்த சிறிய பனியாறு உருகிப் பின்வாங்கிவிட்டதால், கோடைதோறும் மழைநீரும் உருகுநீரும் அங்கே தேங்குகின்றன. மெண்டன்ஹாலின் பனியே அதற்கு அணையாக நிற்கிறது. நீர் போதிய அளவு உயர்ந்ததும் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்து, ஓரிரு நாட்களில் முழுவதும் ஏரிக்குள் பாய்ந்துவிடும். 2011 முதல் இது நிகழ்ந்து வருகிறது. 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகளிலும் ஆகஸ்டு மாதத்தில்தான் பெருவெள்ளம் வந்தது. 2023இல் ஆற்றங்கரை வீடுகள் இடிந்து நீரில் விழுந்தன, 2025 ஆகஸ்டு 13 அன்று ஆறு 16.65 அடி என்ற புதிய உச்சத்தைத் தொட்டது.

உங்கள் நடை தொடங்கும் பகுதி ஏரிக்கரையை ஒட்டியது. வெள்ள எச்சரிக்கை வந்தால் அந்தச் சாலைகளையும் பாதைகளையும் மூடிவிடுவார்கள். மூடிய பிறகு எந்தக் கணக்கும் உதவாது. அமெரிக்கத் தேசிய வானிலை சேவை அந்தப் பள்ளத்தின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து கண்காணித்து வெளியிடுகிறது. கப்பல் ஜூனோவை அடைவதற்கு முந்தைய நாளே அதையும், பனியாறு அமைந்திருக்கும் டோங்காஸ் தேசிய வனத்தின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

கரடியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அங்கே கருங்கரடிகள் சாதாரணம். கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, கப்பலிலும் அனுமதிப்பதில்லை. வேண்டுமென்றால் ஜூனோவில் வாங்கி, திரும்பும்போது கப்பலில் ஏறுமுன் கைவிட வேண்டும். இருவரும் பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் அவை தாமாகவே விலகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏரியின் இரு கரைகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வரைபடத்தில் அருகருகே இருந்ததால் நடந்துவிடலாம் என்று எண்ணிவிட்டேன். ஹெலிகாப்டர் எங்கள் செலவுக்குள் வரவில்லை. ஆகவே பனியைத் தொடும் எண்ணத்தைக் கைவிட்டு, மேற்குப் பாதையில் முகடு வரை, அல்லது 2:45 வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்வதென்று முடிவு செய்துவிட்டோம். மழை கனத்தாலோ சாலை மூடப்பட்டாலோ கிழக்குப் பக்கத்தில் அருவி வரை செல்வோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். கடவுச்சீட்டைக் கப்பல் அறையில் வைத்துவிட்டுச் செல்லலாமா? அப்படியும் கப்பலைத் தவறவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி 1

கடவுச்சீட்டை நீர் புகாத உறையில் இட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அன்றாடம் உட்கொள்ளும் மருந்து இருந்தால் இரண்டு நாளைக்கு உரியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனோ மாநிலத் தலைநகராக இருந்தாலும் வெளியூருக்குச் செல்லும் சாலையே அதற்குக் கிடையாது. ஸ்காக்வேக்குச் செல்வதென்றால் சிறு விமானம் அல்லது படகு. சிறு விமானம் ஹெலிகாப்டரைப் போலவே மேகத்திற்குக் கட்டுப்பட்டது, படகு எல்லா நாளும் இல்லை. கப்பலின் துறைமுக முகவருடைய தொலைபேசி எண் அன்றைய நிகழ்ச்சித்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மைத்துனரின் கைப்பேசியிலும் ஒரு படம் இருக்கட்டும்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்திற்கு ஒரு மணி பின்தங்கியது. பெரும்பாலான கப்பல்கள் வழியிலேயே கடிகாரத்தை மாற்றி அறிவிப்புச் செய்கின்றன என்றாலும், உங்கள் கைப்பேசி காட்டுவது எந்த நேரம், கப்பல் 7:30 என்று சொல்வது எந்த நேரம் என்பதைப் படி இறங்கும் இடத்தில் நிற்கும் ஊழியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, 2:45 என்ற எச்சரிக்கை மணியை அதன் பிறகு வையுங்கள்.

உடையில் ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, மேலே பனியிலிருந்து இறங்கி வரும் காற்று ஜூலையிலும் நடுங்க வைக்கும். ஜூலை இறுதியில் சூரியன் மறைய இரவு 9 மணிக்கு மேல் ஆகும் என்பதால் இருட்டைப் பற்றிய கவலை இல்லை. கற்குவியல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் சற்று நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது தெளிவாகத் தெரியும் பாதை இறங்கும்போது அதே பாறைகளுக்கிடையில் மறைந்துவிடுகிறது. நான் இரண்டாம் முறை கால் மணி நேரத்தை இழந்தது அங்கேதான்.