பழங்காநத்தம் குடும்பம்: விஸ்கான்சின் முடிவு வந்த காலை

2 ஏப்ரல் 2025, புதன்கிழமை

காலை 8.05

மேடிசன் அக்கா: எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இரவு ஒன்பதரை மணி. நான் வாக்களித்த சூசன் கிராஃபோர்டு வென்றுவிட்டார். மகிழ்ச்சியில் தூக்கமே வரவில்லை.

அத்தை: வாழ்த்துகள் கண்ணு. ஆனால் இது என்ன தேர்தல்? டிரம்ப் ஜெயித்தது நவம்பரிலேயே முடிந்துவிட்டதே.

மேடிசன் அக்கா: இது எங்கள் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அத்தை.

அத்தை: நீதிபதிக்குத் தேர்தலா? ஓட்டுக் கேட்டு வருபவர் நாளைக்கு எப்படி நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்வார்?

மேடிசன் அக்கா: உங்கள் கேள்வி நியாயமானது. இங்கே அப்படித்தான் சட்டம். மொத்தம் ஏழு நீதிபதிகள், பதவிக்காலம் பத்து ஆண்டு. இந்த ஓர் இடம் கைமாறியிருந்தால் நீதிமன்றத்தின் பெரும்பான்மையே கைமாறியிருக்கும். கருக்கலைப்புச் சட்டமும் தொகுதி எல்லைகளும் அந்த ஏழு பேர் கையில்தான் இருக்கின்றன.

சித்தப்பா: எலான் மஸ்க் மேடையில் பெரிய காசோலை கொடுத்த படத்தைப் பார்த்தேன். அது இந்தத் தேர்தலுக்குத்தானா?

மேடிசன் அக்கா: ஆமாம் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை கிரீன் பே நகரத்துக்கு வந்து இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் கொடுத்தார். அதற்கு முன்பே, "வரம்பு மீறும் நீதிபதிகளை எதிர்க்கிறேன்" என்ற மனுவில் கையெழுத்துப் போடும் வாக்காளருக்கு 100 டாலர் என்று அவருடைய அமைப்பு அறிவித்திருந்தது. தடை கேட்டு மாநில அட்டர்னி ஜெனரல் நீதிமன்றம் போனார். மாநில உச்ச நீதிமன்றமே அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. கிராஃபோர்டை எதிர்த்து நின்றவரை ஜெயிக்க வைக்க மஸ்க்கும் அவரைச் சேர்ந்த அமைப்புகளும் இந்த ஒரே தேர்தலுக்கு 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். நம் பணத்தில் 170 கோடி ரூபாய். ஒரே ஒரு நீதிபதி நாற்காலிக்கு! இரு தரப்பும் சேர்த்து ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவழிந்திருக்கிறது. அமெரிக்காவில் எந்த நீதிபதி தேர்தலுக்கும் இவ்வளவு செலவானதில்லை.

சித்தப்பா: 2009இல் திருமங்கலம் இடைத்தேர்தலை நாம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். "திருமங்கலம் சூத்திரம்" என்று நாடே நம்மைச் சுட்டிப் பேசியது. அங்கே ஓட்டுக்குப் பணம் போட்ட கவரை ராத்திரியில் கதவிடுக்கில் வைத்தார்கள். இவர் மேடை போட்டு விளக்கு வெளிச்சத்தில் கொடுக்கிறாரே!

மேடிசன் அக்கா: எனக்கும் அதே ஆத்திரம்தான். ஒளிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

காலை 8.21

சென்னைத் தம்பி: அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எதிர்த்தரப்பிலும் பணக்காரர்கள்தானே இருந்தார்கள்? ஜார்ஜ் சோரோஸ் 20 லட்சம் டாலர் கொடுத்தார். இல்லினாய்ஸ் ஆளுநர் பிரிட்ஸ்கர் பரம்பரைக் கோடீஸ்வரர், அவரும் கொடுத்தார். மஸ்க் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது சரியா?

மேடிசன் அக்கா: சரியான கேள்வி. அவர்கள் கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பிரிட்ஸ்கர் கொடுத்தது 15 லட்சம். வேட்பாளருக்கு நேரடியாக நான் கொடுப்பதற்கு வரம்பு இருக்கிறது. போன ஆண்டு மத்தியத் தேர்தல்களில் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 3,300 டாலர்தான். ஆனால் "சூப்பர் பேக்" என்ற தனி அமைப்பு வழியாகச் செலவழித்தால் வரம்பே கிடையாது. 2010இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது. அந்த வழியில் எந்தக் கட்சிக்காரர் நடந்தாலும் தவறு தவறுதான்.

மேடிசன் அக்கா: ஆனால் தம்பி, மற்றவர்களுக்கும் மஸ்க்குக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அவருடைய டெஸ்லா நிறுவனம் இங்கே தானே ஷோரூம் நடத்தி கார் விற்க எங்கள் மாநிலச் சட்டம் விடுவதில்லை. அதை எதிர்த்து ஜனவரியில்தான் வழக்குப் போட்டிருக்கிறது. அந்த வழக்கு நாளை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம். வழக்காடுபவரே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கப் பணம் போடுகிறார். இதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

சென்னைத் தம்பி: டெஸ்லா வழக்கு எனக்குத் தெரியாது.

பெரியப்பா: காலையிலேயே அரசியலா? இருந்தாலும் நானும் ஒன்று சொல்கிறேன். போன மாதம் சுனிதா வில்லியம்ஸ் பத்திரமாக இறங்கியபோது இந்தக் குழுவில் எல்லோரும் கைகூப்பினோம். கொண்டுவந்தது யார்? அதே மஸ்க்கின் விண்கலம்தானே? போயிங் செய்ய முடியாததை அவர் செய்தார். திறமையுள்ளவனுக்கு நாட்டில் செல்வாக்கு இருப்பதில் என்ன குற்றம் அம்மா?

மேடிசன் அக்கா: நீங்கள் கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் பெரியப்பா. பொறுமையாகப் படியுங்கள்.

காலை 8.40

மேடிசன் அக்கா: அவருடைய பொறியாளர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. சுனிதா இறங்கிய அன்று நானும் அழுதேன். ஆனால் அந்தத் திறமைக்கு முதல் போட்டது யார்? விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்ல 2014இல் நாசா இரண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. அத்தனையும் மக்கள் வரிப்பணம். ஒன்று தவறினால் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். போயிங் கலம் பழுதானது. இன்று விண்வெளி நிலையத்துக்கு ஆளை ஏற்றிப் போய் இறக்கிக் கொண்டுவர அமெரிக்காவிடம் ஸ்பேஸ்எக்ஸ் கலம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒரே கலத்தின் முதலாளி 2024 தேர்தலில் டிரம்புக்கும் அவர் கட்சிக்கும் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தவர். 4,400 கோடி டாலர் கொடுத்து டுவிட்டரை வாங்கித் தன் கையில் வைத்திருப்பவர். இப்போது அரசாங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து, எந்தத் துறை இருக்கலாம், எதை மூடலாம் என்று பார்க்கிறார். தன் கம்பெனிக்குப் பணம் தரும் அரசாங்கத்தின் கணக்கைத் தானே திறந்து பார்க்கிறார். அவரிடம் "முடியாது" என்று சொல்லும் தைரியம் எந்த அதிகாரிக்கு வரும்? பணத்தைவிட எனக்குப் பயம் தருவது அந்தக் கேள்விதான். பணம் கொடுத்தவரை வாக்குச்சாவடியில் தோற்கடிக்கலாம், இன்று செய்து காட்டினோம். அரசாங்கமே அவரை நம்பி நிற்கும்போது அதை எந்த வாக்குச்சாவடியில் சரிசெய்வது?

மேடிசன் அக்கா: உக்ரைன் போரையும் பாருங்கள். 2022இல், ரஷ்யாவின் பிடியிலிருந்த கிரிமியாவின் செவஸ்டோபோல் துறைமுகம் வரை, மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் இணைப்பைத் திறந்துவிடும்படி உக்ரைன் அரசு கேட்டது, நான் மறுத்துவிட்டேன் என்று அவரே 2023இல் எழுதினார். அவர் சொன்ன காரணம் சரியாகக்கூட இருக்கட்டும். ஒரு போரில் அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

பெரியப்பா: இரண்டு முறை படித்தேன். நாசாவிடம் வேறு கலமே இல்லை என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அத்தை: எனக்கும் அண்ணன் போலத்தான். ஏழைநாடுகளுக்குப் போகும் உதவியை நிறுத்தினார்கள் என்று படித்தேனே, அதுவும் இவர் வேலையா?

மேடிசன் அக்கா: பெரும்பங்கு இவருடைய குழுவின் வேலை அத்தை. வெளிநாடுகளுக்கு உதவி கொடுக்கும் துறையான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்துவிட்டதாக வெளியுறவு அமைச்சர் ரூபியோ போன மாதம் அறிவித்தார். காசநோய் மருந்து, குழந்தைகளுக்கான சத்துணவு என்று எத்தனையோ ஏழைகளின் உயிர் அந்தத் துறையை நம்பியிருந்தது. மஸ்க் எந்தத் தேர்தலிலும் நின்றவர் இல்லை, செனட் ஒப்புதல் பெற்றவரும் இல்லை.

காலை 9.02

சென்னைத் தம்பி: மஸ்க் பற்றி நீ சொல்வதை ஏற்கிறேன். அதற்காக எல்லா டெக் நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாமே. பெரியப்பா ஜனவரியில் ஒரு படம் போட்டாரே, பதவியேற்பு விழாவில் சுந்தர் பிச்சை உட்கார்ந்திருந்த படம்.

பெரியப்பா: ஆமாம், நான்தான் போட்டேன். நம் மதுரையில் பிறந்த பிள்ளை அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

மேடிசன் அக்கா: அவர் உழைப்பில் எனக்கும் பெருமை உண்டு பெரியப்பா. அந்தப் படத்தை மறுபடி எடுத்து வரிசையை மட்டும் பாருங்கள். மஸ்க், அமேசானின் பெசோஸ், ஃபேஸ்புக் நடத்தும் மெட்டாவின் ஜக்கர்பெர்க், கூகுளின் பிச்சை. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? மந்திரிகளாக வரவிருந்தவர்கள். இன்னொன்றும் இருக்கிறது. தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று போன ஆகஸ்டில் மத்திய நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்குப் போட்டது இதே அரசாங்கத்தின் நீதித்துறை. அதற்கு என்ன பரிகாரம் என்ற விசாரணை இந்த மாதம்தான் தொடங்கப்போகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பதவியேற்பு நிதிக்கு அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. அமேசானும் மெட்டாவும் அதே தொகை.

சித்தப்பா: பெசோஸிடம்தானே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இருக்கிறது?

மேடிசன் அக்கா: ஆமாம். கமலா ஹாரிஸை ஆதரித்து ஆசிரியர் குழு எழுதி வைத்திருந்த தலையங்கத்தை வெளியிட வேண்டாம் என்று அக்டோபரில் அவர் நிறுத்தினார். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்கள் விலகினார்கள். நானும் விலகினேன்.

சென்னைத் தம்பி: அப்படியென்றால் எந்த அரசாங்கத்தாலும் இவர்களை ஒன்றும் செய்ய முடியாது என்கிறாயா? பிரேசில் செய்ததே.

மேடிசன் அக்கா: பிரேசிலை நினைவுபடுத்தியதற்கு நன்றி. போன ஆகஸ்டு கடைசியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி எக்ஸ் தளத்தை, அதாவது பழைய டுவிட்டரை, நாடு முழுவதும் முடக்கினார். மஸ்க் அந்த நீதிபதியைத் தினமும் திட்டினார். கடைசியில் அபராதத்தைக் கட்டி, உத்தரவுகளுக்குப் பணிந்த பிறகுதான் அக்டோபரில் தளம் திரும்பியது. எங்கள் நாட்டிலும் செய்தார்கள். 1911இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 34 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அவர் அந்தக் காலத்து மஸ்க்.

நான்: அக்கா, இது நம் ஊருக்கும் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் நேற்று முதல் ஒரு மாற்றம். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் இணைய விளம்பரப் பணத்தில் 6 சதவீதம் பிடித்து மத்திய அரசுக்குக் கட்டும் வரி 2016 முதல் இருந்தது. எல்லோரும் கூகுள் வரி என்பார்கள். ஏப்ரல் 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு "இனி பிடிக்க வேண்டாம்" என்று நேற்று முழுக்கக் கடிதம் அனுப்பினேன்.

சித்தப்பா: அப்படியானால் யாருக்கு லாபம்?

நான்: விளம்பரம் கொடுக்கும் நம் வியாபாரிகளுக்கும் கொஞ்சம் இருக்கலாம் சித்தப்பா. அந்த வரிச் சுமை அவர்கள் தலையில்தான் இறங்கியது என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் எடுத்த நேரத்தைப் பாருங்கள். இப்படிப்பட்ட டிஜிட்டல் வரி போடும் நாடுகள் மீது பதிலுக்கு வரி விதிப்போம் என்று பிப்ரவரியில் டிரம்ப் உத்தரவு போட்டார். மார்ச் கடைசியில் நம் நாடாளுமன்றத்தில் திருத்தம் வந்துவிட்டது. கூகுளும் மெட்டாவும் நேரில் வந்து கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்களுக்காக ஒரு வல்லரசே பேசியது.

பெரியப்பா: இது எனக்குப் பிடிக்கவில்லை. நம் வரியை எடுப்பதா வைப்பதா என்று நம் நாடாளுமன்றம்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

அத்தை: கண்ணு, அந்த மஸ்க் இன்னும் எத்தனை நாள் அரசாங்கத்துக்குள் இருப்பார்?

மேடிசன் அக்கா: சிறப்பு அரசு ஊழியர் என்ற பெயரில் இருக்கிறார் அத்தை. சட்டப்படி ஓர் ஆண்டில் 130 நாள்தான். மே கடைசியில் போக வேண்டும். ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கும்.

சித்தப்பா: கிராஃபோர்டு எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்?

மேடிசன் அக்கா: கிட்டத்தட்ட பத்து சதவீதம். உலகத்தின் மிகப்பெரிய பணக்காரரை எதிர்த்து நிற்பேன் என்று சிறுவயதில் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று மேடையில் சொன்னார். நாளை காலை எட்டு மணிக்கு எனக்கு வேலை, படுக்கப் போகிறேன். டிரம்ப் நாளைக்குப் புது இறக்குமதி வரிகளை அறிவிக்கிறார். உங்களுக்கு நள்ளிரவுக்கு மேல் ஆகிவிடும்.

நான்: நான் விழித்திருந்து பார்க்கிறேன் அக்கா. 6 சதவீதத்தை விட்டுக்கொடுத்த நாட்டுக்கு எவ்வளவு வரி போடுகிறார் என்று தெரிய வேண்டும். வந்தவுடன் இங்கே எழுதுகிறேன்.