சவுத் நார்ஃபோக்கிற்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எதற்கு எந்த கவுன்சில்?

இங்கிலாந்தின் நார்விச் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் பலர், தாங்கள் நார்விச் நகர கவுன்சிலின் கீழ் இருப்பதாகவே நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் கோல்னி, வீடு தேடிப் போகும் ஹெதர்செட், காஸ்டெஸி, வைமண்ட்ஹம் எல்லாமே சவுத் நார்ஃபோக் மாவட்டம். (எழுதுவதுதான் வைமண்ட்ஹம், சொல்வது ‘விண்டம்’. காஸ்டெஸியும் அப்படித்தான், பேச்சில் ‘காஸி’.)

இங்கே உள்ளாட்சி மூன்று அடுக்கு. குப்பை எடுப்பது, வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி, கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) பில் எல்லாம் மாவட்ட கவுன்சில். தெருக் குழி, நூலகம், பள்ளிச் சேர்க்கை எல்லாம் நார்ஃபோக் கவுண்டி கவுன்சில். கவுன்சில் டாக்ஸை மாவட்டம் வசூலித்தாலும் அதில் பெரும்பங்கு கவுண்டிக்குத்தான் போகிறது. தனியாக இருப்பவர்கள் 25 சதவீதத் தள்ளுபடியைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளி விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்: ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, செகண்டரி பள்ளிக்கு அக்டோபர் 31. மூன்றாவது, ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில். கத்தரி, வெண்டை போட்டுப் பார்க்க ஆசையிருந்தால் அலாட்மென்ட் நிலம் (வாடகைக்குக் கிடைக்கும் சிறு தோட்டத் துண்டு) இருக்கிறதா என்று அங்கேதான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு வயது குறைவு. டிஸ், விண்டம் நகரங்களையும் டெப்வேட், லாடன், ஃபோர்ஹோ–ஹென்ஸ்டெட் என்ற கிராமப்புற மாவட்டங்களையும் சேர்த்து 1974 ஏப்ரல் 1 அன்று உருவாக்கினார்கள். மண்ணின் கதை அதைவிட மிகப் பழையது. 1549 ஜூலையில் பொது மேய்ச்சல் நிலங்களை வளைத்துப் போட்ட வேலிகளை விண்டம் மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். அந்த ஊர் நிலக்காரர் ராபர்ட் கெட் தன் வேலியும் தவறு என்று ஒப்புக்கொண்டு அவர்களுக்கே தலைவரானார். ஆயிரக்கணக்கானோர் அவர் பின்னால் நார்விச்சுக்குப் போனார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அந்த டிசம்பரில் அவரை நார்விச் கோட்டையிலும், சகோதரர் வில்லியத்தை விண்டம் தேவாலயக் கோபுரத்திலும் தூக்கிலிட்டார்கள். ஹெதர்செட் சாலையோரம் ‘கெட் ஓக்’ மரம் இன்றும் நிற்கிறது. ஒரு நாள் அவசியம் போய்ப் பாருங்கள்.

மாவட்டம், கவுண்டி என்ற இரண்டடுக்கு முறையை ஒழித்து ஒரே அடுக்கு கவுன்சிலாக்கப் போவதாக 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையில் அரசு சொல்லிவிட்டது. அதனால் இப்போதே வாக்காளர் பட்டியலில் பதிந்துகொள்ளுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் இங்கே வசித்தால் உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் நமக்கு ஓட்டு உண்டு. வாக்குச்சாவடியில் காட்ட நம் நாட்டுப் பாஸ்போர்ட்டே போதும்.