கரண்ட் நின்றால் பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:
கனடாவில், டொரோண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். இந்த வாரம் காற்றோடு சேர்த்து மைனஸ் 30 என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மம்மா தனியே இருக்கிறார், பிள்ளைகள் வேறு மாகாணத்தில். கரண்ட் போனால் அவருக்கு என்ன ஏற்பாடு செய்து வைக்கலாம்?

பதில் 1:
தங்கச்சி, முதலில் வீட்டுத் திறப்பு ஒன்றையும் பிள்ளைகளின் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஒரு ஃப்ளாஸ்க், டார்ச், மருந்து எல்லாம் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். இருட்டில் படி இறங்கி விழுவதும் ஆபத்துதான்.

பதில் 2:
வீட்டுக்குள்ளே, கராஜுக்குள்ளே கூட, கரி அடுப்போ பார்பிக்யூவோ ஜெனரேட்டரோ மூட்டவே கூடாது. 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் டொரோண்டோவில் லட்சக்கணக்கானோர் கரண்ட் இல்லாமல் தவித்தபோது இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவின் விஷம் ஏறி எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. அம்மம்மா வீட்டு கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை இன்றைக்கே அமத்திப் பாருங்கள், சத்தம் வராவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

பதில் 3:
இன்னொன்று. நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் குளிர் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், உடனே அவசர உதவிக்கு 911 அடியுங்கள். விறைத்த விரல்களைத் தேய்க்கவும் வேண்டாம், தோல் கிழியும். முடிந்தால் கரண்ட் போனவுடனேயே உங்கள் வீட்டுக்கோ, அங்கேயும் கரண்ட் இல்லையென்றால் வார்மிங் சென்டருக்கோ (குளிருக்கு ஒதுங்கத் திறந்து வைக்கும் பொது இடம்) கூட்டிப்போங்கள், வர மாட்டேன் என்றாலும் விடாதீர்கள்.