காப்பீட்டுத் திட்ட ஆய்வு வேலையில் இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வைப்பாற்றுக்காரன்

முதலில் நானே சொல்லிவிடுகிறேன். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பற்றிய வீட்டுக் கணக்கெடுப்பு. எந்த ஏஜென்சி, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான்: டெண்டர் எடுத்தவர் ஒருவர், களத்துக்கு ஆள் அனுப்பியவர் இன்னொருவர், எங்களுக்குச் சம்பளம் போட்டவர் மூன்றாவது ஆள். நான் சூப்பர்வைசர். விருதுநகர் பக்கம் ஒரு ஊர், தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிற அம்மா. வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், தனியார் மருத்துவமனை, காப்பீட்டில்தான்.

அந்த அம்மா மஞ்சள் பையைக் கவிழ்த்து ரசீதுகளைத் தரையில் வரிசையாக வைத்தார். அப்ரூவல் வருவதற்கு முன்னால் எடுத்த ஆஞ்சியோவுக்கு ஒன்று, வெளியே வாங்கிய மருந்துக்கு ஒன்று, அப்புறம் மருத்துவமனைப் பெயரே இல்லாத ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் பேனாவால் 18,000 என்று மட்டும் எழுதியிருந்தது, கீழே ஒரு கோடு. "இதையும் எழுதிக்கோங்க சார்" என்றார்.

டேப்லெட்டில் எழுத இடமில்லை. 'காப்பீட்டில் சிகிச்சை பெற்றீர்களா' என்பதற்கு ஆம் என்று தட்டியதும் கைச்செலவுப் பகுதி முழுவதையும் தாண்டி நேராகத் திருப்திக் கேள்விக்குப் போய்விட்டது. காப்பீடு என்றால் காசு கட்டியிருக்க மாட்டார்கள் என்று ஃபார்ம் போட்டவர் முடிவு செய்துவிட்டார். அலுவலகத்துக்குப் போன் போட்டால், கேள்வித்தாள் துறை ஒப்புதல் வாங்கியது, ஒரு வரிகூட மாற்ற முடியாது என்று பதில். திரையில் ஐந்து முகங்கள், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. அந்த அம்மா யோசிக்காமல் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். "ஆளு பொழச்சு வந்துட்டாரே" என்றார். அறிக்கையில் அவர் முழுத் திருப்தி, கைச்செலவு இல்லை.

டெண்டர் மேசை

வைப்பாற்றுக்காரன் அண்ணே, ஃபார்ம் போட்டவன் மேல் கோபப்படுகிறீர்கள். அவனுக்கு ஒரு வாரம் பைலட், அதாவது சில வீடுகளில் முன்சோதனை, கொடுத்திருந்தால் முதல் நாளே இந்தத் தாவல் மாட்டியிருக்கும். பைலட்டை வெட்டியது யார்? விலைப்புள்ளி போட்டவர்கள். அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

டெண்டரில் தரத்துக்கு 70 மதிப்பெண், விலைக்கு 30 என்று போட்டிருப்பார்கள், தரம்தான் ஜெயிக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். நடைமுறை வேறு. எல்லா நிறுவனமும் அதே பத்துப் பேராசிரியர்களின் பயோடேட்டாவைத்தான் இணைக்கும், சில நேரம் ஒரே ஆள் இரண்டு நிறுவனத்தில் 'டீம் லீடர்'. அனுபவச் சான்றிதழும் எல்லோரிடமும் இருக்கும். அதனால் தரத்தில் எல்லோரும் இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் வந்து நிற்பார்கள். விலையில் குறைந்தவருக்கு முழு 30, மற்றவர்களுக்கு விகிதப்படி. இரட்டிப்பு விலை போட்டவருக்கு 15தான். ஆக உண்மையில் முடிவு செய்வது அந்த 30தான்.

என்னை அரிக்கிற சம்பவம் ஒரு விலை உறை திறந்த நாள். அதிகாரி ஒரு நிறுவனத்தின் தொகையைப் படித்தார், நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அதே தொகைதான். பக்கத்தில் இருந்த எங்கள் ஃபைனான்ஸ் ஆள் செல்போனில் வகுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு வீட்டுக்கு வருகிற காசு, நாங்கள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் போட்டிருந்ததைவிடக் குறைவு. இப்படி அடிமட்ட விலை போட்டால் விளக்கம் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, ஆடிட்டில் 'ஏன் குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்கவில்லை' என்ற கேள்விக்குப் பயம். அவர்களுக்கே கிடைத்தது. அண்ணே, உங்களை அந்த ஊருக்கு அனுப்பியது அந்த மாதிரி ஒரு விலைதான்.

வார்டு லயசன்

நான் எதிர்ப்பக்கம். அரசு மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவு, ப்ரீ-ஆத், அதாவது சிகிச்சைக்கு முன் காப்பீட்டு ஒப்புதல் கேட்டு, போடுகிற வேலை. எங்களிடம் வருகிற நோயாளிகளில் பல பேரிடம் சொந்த போன் கிடையாது, மகன் நம்பர் மனப்பாடம் இருக்காது, போர்ட்டலோ நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. அப்புறம் என்ன, வார்டில் இருக்கிற யாராவது தன் நம்பரைப் போடுவார்கள். என் சகாவின் நம்பர் அப்படிப் பல கேஸில் இருந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவருக்குப் போன். மதிப்பீட்டு ஆய்வு, நோயாளிகளின் திருப்தி பற்றிக் கேட்க வேண்டுமாம். எதிர்முனையில் பேசிய பெண், ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, "கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டது ஸ்பீக்கரில். இவர் ஆறடி ஆள், மீசை வேறு. நாங்கள் சோற்றைத் துப்பாத குறை. "நான் அவங்க இல்லைம்மா" என்றார். வைத்துவிட்டார்கள். அரைமணி கழித்து அதே குரல், இப்போது இடுப்பெலும்பு. மூன்றாவது தடவை அவரே பொறுமை இழந்து, "நல்லா இருக்கேன்மா, எல்லாம் நல்லா இருக்கு, போதுமா" என்று சொல்லி வைத்தார். அது ஒரு நோயாளியின் பதிலாக எங்கோ ஏறியிருக்கும். அன்றைக்குச் சிரித்தோம். அந்த இடுப்பெலும்புக் கிழவிக்கு மறுபடியும் புண் பிடித்து அட்மிட் ஆகியிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

தமிழ்நாடு மட்டும் இப்படி என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிரதமர் காப்பீட்டுத் திட்டம் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த சி.ஏ.ஜி. (மத்திய தணிக்கைத் துறை) அறிக்கையில், 9999999999 என்ற ஒரே நம்பரில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததாக வந்தது. அந்த நம்பருக்குப் போன் போட்டு யாரிடம் திருப்தி கேட்பது?

ஓய்வுபெற்ற புள்ளியியல்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். என் சம்பவம் சின்னது. வரைவு அறிக்கை மேல் ஆய்வுக் கூட்டம். கைச்செலவு பற்றிய அட்டவணை முதல் அத்தியாயத்தில் இருந்தது. ஒரு அதிகாரி கோபமில்லாமல், மிகவும் மரியாதையாகவே, "இதைப் பின்னிணைப்புக்கு மாத்திடலாமே சார்" என்றார். எங்கள் இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் கணக்காளரைப் பார்த்தேன். கடைசித் தவணை, மொத்தத்தில் கால்வாசிக்கு மேல், 'இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பின்' என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அட்டவணை பின்னிணைப்புக்குப் போனது. அவ்வளவுதான்.

இளையவர்களுக்குச் சில யோசனைகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தவணை அட்டவணையைப் பாருங்கள். அறிக்கை 'ஏற்கப்பட்டால்' பணம் என்று இருந்தால், 'சமர்ப்பித்து இத்தனை நாளுக்குள் எழுத்துமூலம் கருத்து வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் கேட்டால் பல துறைகள் திருத்தாணை போடுகின்றன, கேட்காமலே புலம்புவதில் பயனில்லை. இரண்டாவது, தரவு யாருக்குச் சொந்தம், வெளியிட யார் அனுமதி தர வேண்டும் என்பது. அதை ஆரம்பத்தில் பேசாவிட்டால் அறிக்கை பீரோவில் உறங்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். காப்பீட்டில் சிகிச்சை பெற்றவர்களிடம் மட்டும் போய் 'திட்டம் எப்படி' என்று கேட்பது மதிப்பீடு அல்ல. அட்டை இல்லாதவர், அட்டை இருந்தும் மருத்துவமனைக்கே போகாதவர், போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர், இவர்கள் க்ளெய்ம் பட்டியலில் வரவே மாட்டார்கள். கர்நாடகத்தைப் பாருங்கள். 2010இல் வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ என்ற ஏழைகளுக்கான காப்பீட்டை முதலில் வட மாவட்டங்களில் மட்டும் தொடங்கினார்கள். ஆய்வாளர்கள் எல்லையின் இரு பக்கமும் உள்ள கிராமங்களை ஒப்பிட்டார்கள், திட்டம் உள்ள பக்கமும் இல்லாத பக்கமும். அந்த ஆய்வு 2014இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களில், திட்டம் கவனிக்கும் நோய்களால் இறந்தவர்கள் திட்டம் உள்ள பக்கம் 0.32 சதவீதம், இல்லாத பக்கம் 0.90. திட்டத்தைத் தொடங்கிய விதமே ஒப்பீட்டுக்கு வழி விட்டது. நம்மிடம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடு, 2012 ஜனவரியில் பெயரும் நிறுவனமும் மாறி முதல்வர் விரிவான காப்பீடு, 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைப்பு. மாநிலம் முழுக்க ஒரே மூச்சில். மக்களுக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் திட்டம் வந்து பல வருடம் கழித்து டெண்டர் போட்டுத் 'தாக்கத்தை அளந்து தா' என்றால் எதோடு ஒப்பிட்டு அளப்பது? அடிப்படைக் கணக்கெடுப்புக்குத் தொடக்கத்திலேயே காசு ஒதுக்க வேண்டும். மேலும் மாதிரி எடுக்கும்போது…

டெண்டர் மேசை

சார், சம்பவம் நாலு வரி, பாடம் ஒரு பக்கம். 🙂 இருந்தாலும் திருத்தாணை விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ப்ரீ-பிட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட நிறுவனத்தை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'பிரச்சினை பண்ற பார்ட்டி' என்று பெயர் வந்துவிடும். நாங்கள் ஒரு தடவை கேட்டோம், 'டெண்டர் நிபந்தனைப்படி' என்று ஒரு வரிப் பதில் வந்தது.

ஓய்வுபெற்ற புள்ளியியல்

தனியாகக் கேட்டால் அப்படித்தான். நான்கு நிறுவனம் சேர்ந்து கேட்டுப் பாருங்கள் தம்பி.

பால்டிமோர் பக்கம்

அமெரிக்காவில் மெடிக்கெய்ட், அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு, அதை மதிப்பீடு செய்கிற ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் இருக்கிறேன். புள்ளியியல் ஐயா கேட்கிற பல விஷயங்கள் இங்கே காகிதத்தில் உண்டு. ஒரு மாநிலம் சட்டத்தின் 1115 என்ற பிரிவில் மத்திய அரசிடம் விதிவிலக்கு வாங்கித் திட்டத்தை மாற்றினால், வெளியாள் செய்யும் மதிப்பீடு கட்டாயம். அதனால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். ஆர்கன்சாவில் 2018 ஜூனில், வேலை பார்ப்பதைப் பதிவு செய்தால்தான் மெடிக்கெய்ட் என்று கொண்டுவந்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் 18,000க்கும் மேற்பட்டவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம்தான் நிறுத்தியது, எந்த மதிப்பீட்டு அறிக்கையும் அல்ல. எங்கள் வேலையின் வேகம் அது.

என் சம்பவம் ஒரு அட்டவணை. மத்திய அரசின் காப்பீட்டுத் தரவைப் பயன்படுத்தினால், அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் 11 பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணை வெளியிடக் கூடாது, யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால். நியாயமான விதி, நான் எதிர்க்கவில்லை. கிராமப்புறக் கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சை பற்றி ஒரு அட்டவணை போட்டேன். நகரங்களுக்கெல்லாம் எண்கள். எங்களுக்குக் கவலையாக இருந்த, மருத்துவமனை மூடிப்போன கவுண்டிகளுக்கு வரிசை முழுக்க நட்சத்திரக் குறி. மேலாளர் திரையை உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வரிசைகளை எடுத்துடலாமா, பார்க்க நல்லா இல்லை" என்றார். பெரிய வட்டாரமாகச் சேர்த்துப் போடலாம் என்று வாதாடி வைத்தேன். சேர்த்ததும் பக்கத்து நகரத்து எண்ணில் கரைந்துபோய்ச் சராசரியாகத் தெரிந்தது.

ஆடியோ செக்

வைப்பாற்றுக்காரன் அண்ணா மாதிரி களத்துக்குப் போகிறவர்களின் பதிவைக் கேட்டுச் சரிபார்க்கிற வேலை எனக்கு. டேப்லெட் நடுநடுவே சில நிமிடம் தானாகவே ஒலிப்பதிவு செய்யும், பேட்டி எடுப்பவருக்கு எந்தக் கேள்வியில் என்று தெரியாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கேட்பேன்.

ஒரு பையனின் பதிவுகள். முதல் வீடு, பின்னால் "கோலமாவு… கோலமாவேய்" என்று ஒருவர் கத்திப் போகிறார். இரண்டாவது வீடு, வேறு தெரு, அதே கோலமாவு. மூன்றாவதிலும். பதில் சொல்கிற குரல் மூன்றிலும் ஒரே பெண், வயசு மட்டும் 34, 52, 61 என்று மாறுகிறது. நடுவில் அந்தப் பெண்ணே, "டேய், இந்தத் தடவை சர்க்கரை இருக்குன்னு போடவா வேண்டாமா?" என்று கேட்கிறாள். அக்காவாக இருக்கும்.

ரிப்போர்ட் போட்டேன், அவனை நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, முடித்த ஃபார்முக்கு இவ்வளவு என்றுதான் அவனுக்குக் கூலி. பூட்டிய வீடு, மறுத்த வீடு, ஆள் வேலைக்குப் போன வீடு எதற்கும் காசு கிடையாது. டெண்டர் மேசை சார் சொன்ன வீட்டுக் கணக்கு கடைசியில் அந்தப் பையன் தலையில்தான் விடிந்திருக்கிறது. அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை.

வைப்பாற்றுக்காரன்

ஆடியோ செக் தங்கச்சி, ஒரு சந்தேகம். அவன் எடுத்த ஃபார்ம்களை என்ன செய்தார்கள்? எங்களிடம் ஒருவனை நிறுத்தினபோது அந்த வீடுகளுக்கு மறுபடி ஆள் அனுப்பக் காசில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆடியோ செக்

நான் கேட்ட மூன்றையும் எடுத்துவிட்டார்கள் அண்ணா. ஆடியோ ஓடாத மற்ற ஃபார்ம்கள் அப்படியே இருக்கின்றன.