கழுவியும் போகாத கதிரியக்கம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

செம்புத்தகடு:
ரொம்ப மெல்லிய கதிரியக்கத்தை அளக்கிற ஜெர்மானியம் டிடெக்டரைச் சுத்தி வைக்கிற செம்புத் தகடுகள். அதுலயே கதிரியக்கம் ஒட்டியிருந்தா அளவு கெட்டுடும். கந்தக அமிலம், பெராக்சைடு கலவையில முக்கி, சிட்ரிக் அமிலத்துல அலசி எடுத்தாச்சு. தகடு இளஞ்சிவப்பா, குழந்தையோட உள்ளங்கால் மாதிரி இருந்துது. மேல ஒட்டியிருந்த ஈயம்-210ங்கிற கதிரியக்க ஈயம் நல்லாவே குறைஞ்சிருந்துது. ஆல்பா துகளை எண்ணுற கவுண்டர்ல 5.3 எம்.இ.வி. ஆற்றல்ல இருந்த முகடு மட்டும் அசையல. அந்த ஈயம் சிதைஞ்சு வர்ற பொலோனியம்-210! கரையுது, திரும்ப அதே செம்பு மேலயே போய் ஒட்டிக்குது. அவ்வளவு பளபளப்புக்கு மேல அந்த முகட்டைப் பாத்தது இன்னும் மனசுல உறுத்துது.

ஆர்கான்வெல்டிங்:
நாங்க ஸ்டீலை அளந்து பாத்துதான் வாங்கினோம். தோரியங்கிற கதிரியக்கத் தனிமம் தெரியல. அதுல செஞ்ச கலம் வெல்டிங் ஆகி வந்ததும் 2614 கே.இ.வி.ல, தோரியம் சிதைஞ்சு வர்ற தாலியம்-208ஓட கோடு! பட்டறைக்கே போனேன். வெல்டிங் அண்ணன் சட்டைப்பையில, ஆர்க்னு சொல்ற மின்பொறியை உண்டாக்குற டங்ஸ்டன் குச்சி, முனையில சிவப்பு பெயின்ட். சிவப்புன்னா 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு. "இதுலதான் சார் ஆர்க் ஆடாம நிக்கும்"னுட்டு என் முன்னாடியே கிரைண்டர்ல முனையைத் தீட்டினார். நம்ம கலத்தோட மூடி பக்கத்துல திறந்து கெடக்குது.

பழைய_ஈயம்:
செம்புத்தகடு, அமிலக் குளியல் மேல்தோலுக்குத்தான். செம்பு தரைக்கு மேல கெடந்தா விண்வெளிக் கதிரால வர்ற நியூட்ரான் பட்டு கோபால்ட்-60ங்கிற கதிரியக்கப் பொருள் உள்ளயே உருவாகும், அரை ஆயுள் 5.27 வருஷம். அதனாலதான் நியூட்ரினோ துகளை ஆராய்ஞ்ச மஜோரானா குழு அமெரிக்காவுல தெற்கு டகோட்டா சுரங்கத்துல 4850 அடி ஆழத்துல மின்பகுப்புல செம்பு வளர்த்தாங்க. ஈயம் இன்னும் மோசம். ஈயத்துலேர்ந்து ஈயம்-210ஐ எந்த ரசாயனமும் பிரிக்காது, அதுவாத்தான் தேயணும், 22 வருஷத்துக்கு ஒருதரம் பாதியாகும். அதனால பழைய ஈயம்னா அது தேய்ஞ்சுபோயிருக்கும். இத்தாலியில மலைக்கு அடியில இருக்கிற கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துல, நியூட்ரினோ ஆய்வு செய்யுற குவோரே குழு சார்டீனியா கடல்ல மூழ்கின ரோமானியக் கப்பலோட ஈயத்தைப் போட்டாங்க. எழுத்து பொறிச்ச பகுதியை வெட்டிப் பத்திரப்படுத்திட்டுதான் மிச்சத்தை உருக்கினாங்க. நீங்களும் பழைய ஈயம் தேடுங்க. என் கதையா? "ரொம்பப் பழசு சார்"னு ஒருத்தர் வித்தார். அளந்தா புத்தம் புதுசு.

செம்புத்தகடு:
நான் வழியே கேக்கல சாமி. என் பிரச்சினை மேல்தோல்லதான் இருக்கு, நீங்க ரோமுக்குப் போயிட்டீங்க.

கீழ்த்தளம்:
தாய் ஈயம் போயிட்டா பொலோனியத்துக்கு ஊட்ட ஆளில்ல. 138 நாளைக்கு ஒருதரம் பாதியாகும். அவசரம்னா எலக்ட்ரோபாலிஷ், அதாவது மின்சாரத்தால மேல்தோலைக் கரைச்சு எடுக்கிறது. எங்களுக்கு அதுலதான் இறங்குச்சு. ஆனா நைட்ரஜன்ல காயவைங்க, அறைக்காத்துல இருக்கிற ரேடான்ங்கிற கதிரியக்க வாயு விட்டுவைக்காது, திரும்ப ஈயம்-210ஐ ஒட்டிடும்.

ஆர்கான்வெல்டிங்:
அண்ணன் இப்ப லாந்தனம் போட்ட நீலக்குச்சி வாங்கி வச்சிருக்கார். நம்ம வேலைக்கு மட்டும்.