கொழும்புப் புழுக்கத்தில் ரை கட்டி வேலைக்குப் போவது எப்படி?

புதுக்கொழும்பான்:
யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இரண்டு மாதம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் கணக்காய்வு வேலை, முழுக்கைச் சேட்டும் ரையும் கட்டாயம், வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிற நாளில் கோட்டும் போடச் சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறி இறங்குவதற்குள் முதுகு தொப்பலாகிவிடுகிறது. ஊரிலும் வெயில்தான், ஆனால் இந்தப் புழுக்கம் வேறு மாதிரி. நேற்று ஒரு கூட்டத்தில் வெளிர்நீலச் சேட்டில் கக்கத்தடியில் வட்டமாக ஈரம், கையைத் தூக்கவே கூச்சமாக இருந்தது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய கந்தோர்காரன்:
தம்பி, வெளிர்நீலமும் சாம்பலும்தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளையோ கடும்நீலமோ எடுங்கள். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைய, வேர்வை வடியுமே தவிரக் காயாது, அதனால் என்ன விலைக்குச் சேட் வாங்கினாலும் பஸ்ஸில் நனையத்தான் போகிறது. நான் டீசேட்டோடு ரயிலேறுவேன் (பஸ் போகிற காலி வீதி நெரிசலில் நிற்பதைவிடக் கடற்காற்று எவ்வளவோ மேல்), கந்தோரில் முகம் கழுவி, பத்து நிமிடம் ஏசியில் இருந்து, உடம்பு ஆறிய பிறகுதான் சேட். வந்த கையோடு மாற்றினால் அதுவும் நனையும், அந்தப் பிழையைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். ரையும் மேலதிகமாக ஒரு சேட்டும் மேசை லாச்சியில் கிடக்கட்டும். கோட்டும் கந்தோரிலேயே தொங்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

சாறிக்காரி:
மாற்றுவது சரி, ஆனால் துணியையும் கவனியுங்கள். அயன் தேவையில்லை என்று விற்கிற சேட்டுகள் பலதில் பொலியெஸ்டர் கலந்திருக்கும், வெக்கை வெளியே போகாது. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நெசவில் இடைவெளி தெரிந்தால் காற்றுப் போகும். லினன் நல்லதுதான், மத்தியானத்துக்குள் கசங்கிவிடும், பருத்தி கலந்த லினன் கொஞ்சம் தாங்கும். புறக்கோட்டையில் துணி எடுத்துத் தைப்பித்தால் அளவையும் சற்றுத் தளர்வாக வைக்கலாம். கோட்டுக்கு உள்லைனிங் பாதி போதும் என்று தையற்காரரிடம் சொல்லுங்கள். மெல்லிய கம்பளிக் கோட் பொலியெஸ்டர் கோட்டைவிடச் சூடு குறைவு, நம்பமாட்டீர்கள்! நான் கைத்தறிச் சாறியும் பருத்தி உள்பாவாடையும்தான், பளபளப்பு உள்பாவாடை கட்டிய நாளெல்லாம் நரகம்.

லேஞ்சி:
வாசத்துக்கு அடிக்கிற ஸ்பிரே வேர்வையை நிறுத்தாது. அன்டிபேர்ஸ்பிரண்ட் (வேர்வையைக் குறைக்கிறது) என்று போட்டிருப்பதை வாங்கி, இரவில் கக்கம் காய்ந்திருக்கும்போது பூசுங்கள், காலையில் அவசரமாகப் பூசினால் வேலை செய்யுமுன் வழிந்துவிடும். உள்ளே பருத்திப் பெனியன். அப்புறம், ஏப்ரலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிற ஊரில் கோட் போடச் சொன்னவர் பஸ்ஸில் வருகிறவராக இருக்க வாய்ப்பில்லை.

புதுக்கொழும்பான்:
அவர் வருவது ஏசி வாகனத்தில்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பெனியன் போட்டால் இன்னும் வெக்கை என்று விட்டிருந்தேன், நாளைக்குப் போட்டுப் பார்க்கிறேன். அக்கா, கோட் ஏற்கெனவே முழு லைனிங்கோடு தைத்தாயிற்று, இனிப் பிரிக்கலாமா?

சாறிக்காரி:
முதுகுப் பக்கத்தை மட்டும் பிரிக்கலாம். கோட்டின் கைக்குள் இருக்கிற லைனிங்கைப் பிரிக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் சேட் பிடித்துக்கொண்டு கை நுழையாது.